ஒளிராத தட்டு

வாசுகி அண்ணி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்து வெளியே வைத்தார். பிறகு கத்தரிக்காய்ப் பை. பிறகு பாதி வெட்டிய பூசணி. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி பதுங்கியிருந்தது.

“பாத்துக்க சரோ. வாங்கியாந்து மூணு வாரமாச்சு. சீல்கூட உடைக்கல. பூசணிய எடுக்கப் போய்த்தான் கண்ணுல பட்டுச்சு.”

பெட்டிக்குள் இன்சுலின் பேனாக்கள். பாலிகிளினிக்கில் டாக்டர் எழுதிக் கொடுத்து, தாதி பொறுமையாகச் செய்து காட்டி, என் அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு வாங்கி வந்தவை. காலையும் மாலையும் போட்டுக்கொள்வதாகத்தான் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் கழித்து வெளியே வருவாராம். உள்ளே என்ன நடந்தது என்பது அவருக்கும் அங்கிருந்த வாளிக்கும்தான் தெரியும்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெப்பமானி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் குளிரறை மேற்பார்வையாளர். மருந்துப் பெட்டிகள் எந்தக் குளிரில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். போட்டுக்கொள்ளாத மருந்தையும் பழுதில்லாமல் பாதுகாத்திருந்தார்.

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. “கால் விரலப் பாத்தியா நீ?” என்றார். குரல் உடைந்திருந்தது.

பார்த்திருந்தேன். இடது கால் பெருவிரலில், வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் இரும்பு முனைச் சப்பாத்து கடித்த புண். காசளவு இருந்தது இரண்டு மாதமாக ஆறாமல் பெரிதாகிக்கொண்டே வந்தது. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று தாதி சொல்லிவிட்டார். அதை அண்ணன் வீட்டில் சொல்லவில்லை. அண்ணி உடன் போனதால் தெரிந்தது.

சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் பத்தாவது மாடி வீடு அது. கூடத்தில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. எங்கள் பேச்சு காதில் விழாமலிருக்க அண்ணன் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். திரையில் யாரோ ஓர் அம்மாள் மீன் குழம்பு வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். சுத்த சைவரான என் அண்ணன் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்றி வந்த வழி

நான் போய்த் தொலைக்காட்சியை அணைத்தேன்.

“ஏண்ணே போடல?”

அண்ணன் கொஞ்ச நேரம் கறுத்த திரையையே பார்த்தார். “அது பன்னிகிட்டேருந்து எடுக்கிறதாம்லா” என்றார்.

“யாரு சொன்னா?”

“சிவலிங்கம்.”

சிவலிங்கத்தை நீங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவரைப் போல ஒருவரை எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு காலையில் தேக்கா சந்தையில் கோப்பிக் கடை மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தால், அதில் மூன்று பேர் கேட்பார்கள், ஒருவர் சொல்வார். அந்த ஒருவர்தான் சிவலிங்கம். வீட்டு விலையிலிருந்து விண்வெளிவரை அவருக்குத் தெரியாதது இல்லை.

அவர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. ஒரு காலத்தில் பன்றியின் கணையத்திலிருந்தும் மாட்டின் கணையத்திலிருந்தும்தான் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் காலம் போய்விட்ட செய்தி மட்டும் தேக்கா மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அண்ணன் சைவமானதே ஒரு கதை. நாற்பது வயது வாக்கில் முதல் முறையாகக் காவடி எடுத்தார். அதற்காக விரதம் இருந்தார். தைப்பூசம் முடிந்த மறுநாள் அண்ணி ஆசையாக நண்டு வாங்கி வந்து சமைத்திருக்கிறார். அண்ணன் தட்டைப் பார்த்துவிட்டு, “வேணாம்லா, இப்படியே நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி ரசம் கேட்டாராம். அன்று விட்டவர்தான். பிறந்தநாள் கேக்கை நீட்டினால்கூட முட்டை போட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவார்.

அப்படிப்பட்டவர் பன்றி என்று சொன்னால் நான் கேலி செய்ய முடியுமா? செய்யவில்லை. பன்றி இல்லை என்று காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். பத்து நிமிட வேலை. அதுவும் எனக்கு!

கதவுக்கு இந்தப் பக்கம்

‘எனக்கு’ என்று நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கக் கல்லூரியில் உயிரியல் ஆய்வக உதவியாளர். ஆசிரியர்கள் பாடம் நடத்துவார்கள். அதற்கு வேண்டியதையெல்லாம் நான் தயார் செய்து வைப்பேன். குறிப்பாகத் தட்டுகள். கிருமிகளை வளர்ப்பதற்கான வட்டமான பிளாஸ்டிக் தட்டுகள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாரைக் காய்ச்சி, சத்துகளைச் சேர்த்து, சூடு ஆறி இறுகுவதற்குள் ஒவ்வொரு தட்டிலும் ஊற்ற வேண்டும்.

சிங்கப்பூரில் அகார் அகார் என்றால் தீபாவளிக்குக் கலர் கலராகச் செய்யும் பலகாரம். நான் செய்தால் மட்டும் என் வீட்டில் யாரும் தொடுவதில்லை. “காலேஜ்லேருந்து கொண்டு வந்ததா?” என்று என் கணவர் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார். ஒவ்வோர் ஆண்டும் தானே அதற்குச் சிரித்தும் கொள்வார்.

தயாரிப்பு அறைக்கும் வகுப்பறைக்கும் நடுவே ஒரு கதவு. அது சரியாகச் சாத்தாது. ஆண்டுக்கு ஒருமுறை அதே மாதத்தில் அதே பாடம் அந்த இடுக்கு வழியாக வரும்: உயிரணு புரதத்தைச் செய்யும் விதம். முதல் ஆண்டு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் ஆண்டு சுமாராகப் புரிந்தது. ஐந்தாம் ஆண்டு, ஆசிரியர் ஒரு படியைத் தாண்டிப் போனபோது, கையில் குடுவையோடு நின்ற நான், “ஐயோ, அதை விட்டுட்டீங்களே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அன்று ஓடி ஒளிந்ததை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

அண்ணன் கேட்ட கேள்வி

ஆகவே அண்ணன் எதிரில் மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“பாருங்கண்ணே. நம்ம உடம்புல கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு ஒரு நீளமான இழை இருக்கு. நாலே நாலு எழுத்து. அதை மாத்தி மாத்தி எழுதி, எந்தப் புரதத்தை எப்படிச் செய்யணும்னு அதுல வச்சிருக்கு.”

“இன்சுலினும் புரதமா?”

“ஆமா, சின்னப் புரதம். கணையத்துல இருக்கிற செல்லு, இன்சுலினுக்கான பகுதிய மட்டும் ஒரு நகல் எடுக்கும். மூலம் உள்ளயே இருக்கும். நகல்தான் வெளிய வரும்.”

“மூலத்த வெளிய விடாது. ரொம்பச் சரி” என்றார் அண்ணன். ஆவணங்களோடு வாழ்கிறவர்.

“அந்த நகல ரைபோசோம்னு ஒண்ணு மூணு மூணு எழுத்தாப் படிக்கும். ஒவ்வொரு மூணு எழுத்துக்கும் ஒரு அமினோ அமிலம். அதைத் தூக்கிட்டு வந்து கொடுக்கிறதுக்குன்னே தனியாச் சின்னச் சின்ன மூலக்கூறு இருக்கு. படிக்கப் படிக்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து சங்கிலியா நீளும். ‘நிறுத்து’ன்னு ஒரு மூணு எழுத்து வரும். அங்க நின்னுடும். அப்புறம் அந்தச் சங்கிலி மடிஞ்சு, வேண்டாத துண்டு வெட்டுப்பட்டு, இன்சுலின் ஆயிடும்.”

“இதுல பன்னி எங்க வருது?”

“வரவே இல்லண்ணே! மனுஷனோட இன்சுலினுக்கான எழுத்த பாக்டீரியாவுக்குள்ள வச்சிடுறாங்க. அது படிச்சுச் செஞ்சு கொடுத்துடுது. அதைச் சுத்தம் பண்ணிப் பேனாவுல அடைக்கிறாங்க. அவ்வளவுதான்.”

அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் நான் செய்த தவறு புரிந்தது.

“பாக்டீரியாவா? கிருமியா? இதுக்குப் பன்னியே பரவால்ல போலிருக்கே!”

“தயிரு சாப்பிடுறீங்கல்ல? அதுவும் பாக்டீரியா வேலதான்.”

“தயிரு வேற. தயிரு வெள்ளையா இருக்கு.”

சமையலறையில் அண்ணி ‘களுக்’ என்று சிரித்தது கேட்டது. அன்று அண்ணி சிரித்த முதல் சிரிப்பு.

அண்ணன் சிரிக்கவில்லை. தாடையைத் தடவியபடி யோசித்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“சரி, மனுஷன் எழுத்துன்னு சொல்ற. பாக்டீரியாவுக்கு அது எப்படிப் படிக்கத் தெரியும்? எங்க குளிரறைக்கு ஜப்பான்லேருந்து பெட்டி வருது. மேல எழுதியிருக்கிறத என்னால படிக்க முடியுதா?”

ஆயிரக்கணக்கான தட்டுகள் ஊற்றியிருக்கிறேன். அந்தக் கதவிடுக்கு வழியாக இருபது முறை பாடம் கேட்டிருக்கிறேன். எந்த மாணவரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்டதில்லை. எனக்கே தோன்றியதில்லை.

“எல்லா உயிருக்கும் எழுத்து ஒண்ணுதாண்ணே” என்றேன். சொல்லும்போது எனக்கே புல்லரித்தது.

“நீ சொல்ற. நான் கண்ணால பாக்கணும்லா.”

“பாத்தா ஊசி போட்டுக்குவீங்களா?”

“பாத்தாப் பாப்போம்” என்றார். பிடி கொடுக்காத பதில். ஆனால் அடுத்த சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் திறந்த இல்ல நாள். நான் அதைப் பற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை

திறந்த இல்ல நாளில் உயர்நிலைப் பள்ளி முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வருவார்கள். ஒவ்வொரு துறையும் தன் வித்தையைக் காட்டும். எங்கள் துறையின் வித்தை, ஒளிரும் பாக்டீரியா.

கடலில் ஒருவகை ஜெல்லிமீன் இருக்கிறது. அதன் உடலில் ஒரு புரதம், புற ஊதா ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். அந்தப் புரதத்துக்கான எழுத்தை மட்டும் பாக்டீரியாவுக்குள் செலுத்தித் தட்டில் வளர்த்தால், பாக்டீரியா அதைப் படித்து, அதே புரதத்தைச் செய்து, அதே பச்சையில் ஒளிரும். ஜெல்லிமீனை அது கண்டதே இல்லை. அண்ணன் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் என்னிடம் இல்லை.

சொன்ன நேரத்துக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையும், கட்டுப் போட்ட விரலுக்காகச் செருப்புமாக, பெண் பார்க்க வந்தவர் போல விறைப்பாக நின்றார். உயிரியல் ஆசிரியை மிஸ் லோ அவருக்கு முன்வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்தார். மிஸ் லோ எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பவர். அன்று அவர் தலையில் ஜெல்லிமீன் வடிவத்தில் ஒரு காகிதத் தொப்பி வேறு.

கறுப்பு அட்டையால் செய்த பெட்டிக்குள் தட்டை வைத்தேன். மேலே புற ஊதா விளக்கு. முப்பது பேராவது இருப்பார்கள். மிஸ் லோ ஜெல்லிமீன் கதையை அழகாகச் சொல்லி முடித்து, “ஒன், டூ, த்ரீ!” என்றார். விளக்கைப் போட்டேன்.

ஒன்றும் இல்லை.

பாக்டீரியா நன்றாக வளர்ந்திருந்தது. வெளிறிய புள்ளிகளாகத் தட்டு முழுக்க இருந்தது. ஆனால் பச்சை இல்லை. நான் விளக்கை அணைத்து மறுபடி போட்டேன். தட்டைத் திருப்பினேன். பின்னால் ஒரு சிறுமி, “ஸ்பாயில்ட் ஆ, மம்மி?” என்று கேட்டாள். மிஸ் லோவின் தொப்பி லேசாகச் சரிந்தது.

அண்ணனைப் பார்த்தேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த ஏமாற்றம் இல்லை. ஏதோ பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் போல ஒரு நிம்மதி. அந்த நிம்மதி எனக்கு அப்போது புரியவில்லை. கோபம்தான் வந்தது.

ஒரு கோடு, இரண்டு கோடு

கூட்டம் அடுத்த மேசைக்கு நகரத் தொடங்கியது. அண்ணன் நகரவில்லை. குனிந்து தட்டின் ஓரத்தைப் பார்த்தார். நிமிர்ந்து சுவரில் நாங்கள் ஒட்டியிருந்த விளக்கப் படத்தைப் பார்த்தார். மறுபடி தட்டு. மறுபடி படம். பெட்டியில் ஒட்டிய சீட்டையும் கையிலிருக்கும் தாளையும் ஒப்பிட்டுப் பார்த்தே தலை நரைத்தவர்.

உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினார். பிறகு மெல்லக் கூப்பிட்டார்.

“சரோ, இங்க வா. அந்தப் படத்துல இருக்கிற தட்டுல ரெண்டு கோடு போட்டிருக்கு. உன் தட்டுல ஒரு கோடுதான் இருக்கு.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கோடு போடுவது நான்தான். அகார் ஊற்றியதும் எல்லாத் தட்டும் ஒன்று போலத்தான் தெரியும். அதனால் பேனாவால் ஓரத்தில் கோடு இழுத்துவிடுவேன். ஒரு கோடு என்றால் சாதாரண உணவு. இரண்டு கோடு என்றால் அதோடு அராபினோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரையும் சேர்ந்தது. அந்தச் சர்க்கரை இருந்தால்தான் பாக்டீரியா ஜெல்லிமீன் எழுத்தைப் படிக்கவே தொடங்கும். அப்படித்தான் அமைத்து வைத்திருக்கிறார்கள். அந்த வாரம் அண்ணன் நினைவாகவே இருந்த நான், அடுக்கு மாற்றி எடுத்திருக்கிறேன்.

“அப்ப எழுத்து உள்ள இருக்கு?” என்றார் அண்ணன்.

“இருக்குண்ணே.”

“இருந்தும் படிக்கல.”

“படிக்கச் சொல்லி யாரும் சொல்லல. நகலே எடுத்திருக்காது.”

அண்ணி அண்ணனின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “உங்களுக்குச் சர்க்கரை இருந்தா ஆகல. அதுக்குச் சர்க்கரை இல்லாட்டி ஆகல போல” என்றார்.

நான் ஓடிப்போய் அராபினோஸ் கரைசலை எடுத்து வந்தேன். பாக்டீரியாப் புள்ளிகள்மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, உடல் சூட்டில் இருக்கும் வளர்ப்புப் பெட்டிக்குள் தட்டை வைத்தேன். மிஸ் லோ தொப்பியை நிமிர்த்திக்கொண்டு, “மூன்று மணிக்குத் திரும்ப வாருங்கள்” என்று ஆங்கிலத்தில் பலகையில் எழுதினார்.

வாழை இலையும் வாக்குமூலமும்

மூன்று மணி நேரம் இருந்தது. எம்.ஆர்.டி. ரயில் பிடித்து லிட்டில் இந்தியா போய், அண்ணனுக்குப் பிடித்த சைவ உணவகத்தில் உட்கார்ந்தோம். சனிக்கிழமைக் கூட்டம். பக்கத்து மேசையில் யாரோ இலையை மடித்து எழுந்ததும் ஊதுபத்தி வாசமும் சாம்பார் வாசமும் கலந்து அடித்தன. அண்ணன் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அப்பளத்தை மட்டும் இரண்டாவது முறை கேட்டார்.

“ஏண்ணே, கோடு விஷயத்தச் சொன்னீங்க? சும்மா இருந்திருந்தா, ‘பாத்தியா, உன் கதையெல்லாம் பொய்’ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?”

“அதெப்படி? சீட்டு மாறிக் கிடக்கிறதப் பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?” அவருக்கு உண்மையிலேயே என் கேள்வி விளங்கவில்லை. பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஆனா விளக்கு போட்டதும் ஒண்ணும் வரலன்ன உடனே எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?”

“ஏன்?”

அண்ணன் ரசத்தை ஊற்றினார். பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

“பன்னியும் இல்ல, கிருமியும் இல்ல சரோ. பயம்.”

“என்ன பயம்?”

“ஊசி.”

அண்ணி கையிலிருந்த அப்பளம் இலையில் விழுந்தது.

“என்னங்க சொல்றீங்க? நாக்குல வேல் குத்திக்கிட்டு, முதுகெல்லாம் கொக்கி மாட்டிக்கிட்டு, சிராங்கூன் ரோட்டுலேருந்து டேங்க் ரோடுவரைக்கும் நடந்தவரு நீங்க! ஒரு சொட்டு ரத்தம் வரல, ஒரு சத்தம் போடல!”

“அது வேற வாசுகி. அங்க குத்துறது இன்னொருத்தர். நான் கண்ண மூடிக்கிட்டு முருகான்னு நின்னாப் போதும். இது நானே என் வயித்துல குத்திக்கணும்லா. கை வர மாட்டேங்குது. தினமும் பாத்ரூமுக்குள்ள மூடியத் தொறந்து வயித்துகிட்டக் கொண்டு போறேன். அந்த நர்ஸம்மா கொடுத்த மாதிரிப் பேனாவ வச்சுத்தான். அதுல மருந்துகூடக் கிடையாது. அதுக்கே வேர்த்து ஊத்துது.”

அறுபதை நெருங்கும் ஆள், குளிரறையில் டன் கணக்கில் சரக்கை நகர்த்துகிறவர், மூன்று வாரத்துக்கும் மேலாகத் தினம் இரண்டு முறை ஒரு குளியலறையில் தனியாக நின்று தோற்றுப்போய் வெளியே வந்திருக்கிறார்.

அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது சிரிப்பின் நீர் மட்டும் அல்ல என்று எனக்குத் தெரிந்தது.

“இதச் சொல்லியிருந்தா நான் குத்தியிருப்பேன்ல?” என்றார்.

“அது அதவிடப் பயமா இருக்கே” என்றார் அண்ணன்.

பச்சை

மூன்று மணிக்குத் திரும்பியபோது காலையில் வந்தவர்களில் பாதிப் பேர்கூட இல்லை. ஸ்பாயில்ட் என்று சொன்ன சிறுமி இருந்தாள், முன்வரிசையில். தட்டைக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்தேன். இம்முறை மிஸ் லோ விளக்கின் விசையைத் தானே அழுத்தினார்.

பச்சை.

நடு மத்தியானத்தில், ஓர் அட்டைப் பெட்டிக்குள், குத்திட்ட ஊசி முனைகள் போலப் பச்சைப் புள்ளிகள். காலையில் சோற்றுப் பருக்கை போல வெளிறிக் கிடந்த அதே புள்ளிகள். சிறுமி கை தட்டினாள். எத்தனையோ முறை பார்த்த நானும் தட்டினேன்.

அண்ணன் பெட்டிக்குள் முகத்தை விடாத குறையாகக் குனிந்தார். மிஸ் லோ அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“சேம் லாங்குவேஜ் ஆ?” என்று கேட்டார் அண்ணன்.

“எஸ் அங்கிள். ஜெல்லிஃபிஷ், பாக்டீரியா, யூ, மீ. சேம் லாங்குவேஜ்.”

அண்ணன் தலையாட்டினார். வீட்டுக்குப் போகும் பேருந்தில் நெடுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தவர், திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“அப்ப பன்னிக்கும் இதே எழுத்துதான்?”

“அதேதாண்ணே. பன்னி இன்சுலினுக்கும் நம்ம இன்சுலினுக்கும் ஐம்பத்தொரு அமினோ அமிலத்துல ஒரே ஒரு இடந்தான் வித்தியாசம்.”

“கத்தரிக்காய்க்கும் இதே எழுத்து?”

“ஆமா.”

“அப்ப நான் யாரத்தான் சாப்பிடாம இருக்கிறது?” என்றார். முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

முதல் ஊசி

மறுநாள் காலை பசியாறும் முன் நானும் அங்கே இருந்தேன். வர வேண்டாம் என்று அண்ணன் சொன்னார். வரச் சொல்லி அண்ணி இரண்டு முறை அழைத்தார்.

குளியலறைக்குப் போகக் கூடாது என்று அண்ணி சட்டம் போட்டுவிட்டார். கூடத்திலேயே, சாப்பாட்டு மேசையில். அண்ணன் கையைக் கழுவி வந்தார். பெட்டியின் சீலை உடைத்தார். தாதி சொன்னபடி ஊசியைத் திருகி, அளவைத் திருப்பி, சட்டையைத் தூக்கினார். ஊசி அரிசி மணியைவிடச் சிறியது. வயிறு அப்படி ஒன்றும் சிறியதல்ல.

கை பாதி தூரம் போய் நின்றது. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என்னைக் கண்ணால் அடக்கினார். பிறகு அவர் செய்தது எனக்கு எப்போதும் மறக்காது. அண்ணன் பக்கத்தில் போய் நின்று, தன் கையை அவர் கைமேல் வைத்தார். அழுத்தவில்லை. சும்மா வைத்தார்.

“கண்ண மூடிக்கங்க” என்றார்.

அண்ணன் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. இரண்டு கையும் சேர்ந்து நகர்ந்தன. அண்ணி ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணினார்.

“எப்பக் குத்தணும்?” என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமலே.

“குத்தி எடுத்தாச்சு” என்றார் அண்ணி.

அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து வயிற்றைப் பார்த்தார். மறு கண்ணைத் திறந்து பேனாவைப் பார்த்தார். பிறகு, “தோச ஆறுது பாரு” என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

முதல் வாரம் அண்ணியின் கை கூடவே இருந்தது. இரண்டாம் வாரம் பக்கத்தில் நின்றால் போதும் என்றார். அதற்குப் பிறகு எப்போது தனியாகப் போட ஆரம்பித்தார் என்பது இருவருக்குமே நினைவில்லை. சர்க்கரை மெல்ல மெல்ல இறங்கியது. புண் ஓரத்திலிருந்து காய்ந்து வந்தது. மருத்துவமனையில் கடைசிக் கட்டைப் பிரித்த நாளில் அண்ணன் எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். என் வாழ்க்கையில் ஒரு கால் விரலின் படத்தைப் பார்த்து நான் அழுதது அந்த ஒரு முறைதான்.

எண் அழைக்கும்வரை

சில மாதம் கழித்து ஒரு காலை. அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று அண்ணனோடு நான் பாலிகிளினிக்குக்குப் போயிருந்தேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, டாக்டரைப் பார்க்க எண்ணுக்காகக் காத்திருந்தோம். அண்ணன் பையில் பேனாவும், டப்பாவில் இடியாப்பமும் இருந்தன.

எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, பெயர் பாண்டியன், சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம் என்று பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது. கையில் அதே வெள்ளை அட்டைப்பெட்டி. அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“இன்னிக்குத்தான் ஆரம்பிக்கிறாங்களாண்ணே. உள்ள கூப்பிட்டுச் சொல்லித் தருவாங்களாம்” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், “நான் வேணாம்னு சொல்லிடலாமான்னு பாக்கிறேன். ஒருதடவ ஆரம்பிச்சா உடம்பு தானாச் சுரக்கிறத நிறுத்திடுமாம்ல? ரூம்ல சொன்னாங்க.”

நான் வாயைத் திறந்தேன். கணையம், உயிரணு, நகல், ரைபோசோம் எல்லாம் தொண்டைவரை வந்துவிட்டன. அண்ணன் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

“தம்பி, நெருப்போட வேல பாக்கிற ஆளு நீங்க” என்றார். “ஊசின்னா பயமா இருக்கா?”

பாண்டியன் பெட்டியைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். “ஆமாண்ணே” என்றார், கிட்டத்தட்டக் கேட்காத குரலில்.

“எனக்கும்தான். இப்பவும்.”

அண்ணன் பையைத் திறந்து பேனாவை எடுத்தார். ஊசியைத் திருகினார். அளவு வைத்தார். அந்தக் கூட்டத்தின் நடுவே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சட்டையைத் தூக்கினார். இம்முறை அவர் கண்ணை மூடவில்லை. பாண்டியனைப் பார்த்துக்கொண்டே குத்தி, மருந்து முழுதும் இறங்க உதட்டை அசைத்துப் பத்துவரை எண்ணி, எடுத்தார்.

“அங்கிள்! இங்கல்லாம் போடக் கூடாது!” என்று ஒரு தாதி அறை வாசலிலிருந்து சத்தம் போட்டார்.

“சாரி சிஸ்டர், முடிஞ்சுது” என்றார் அண்ணன், சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு.

பாண்டியன் சிரித்துவிட்டார். அப்போது திரையில் ஓர் எண் மாறியது. அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், எழுந்தார். இரண்டடி நடந்து, நின்று, திரும்பினார்.

“அண்ணே, நான் வர்றவரைக்கும் இருப்பீங்கல்ல?”

அதற்குள் எங்கள் எண்ணும் திரையில் வந்துவிட்டது. அண்ணன் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் இடியாப்ப டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “நீங்க போய்ட்டு வாங்க, நாங்க எங்கயும் போகல” என்றார்.